அல்லா பந்த்: கட்ச் நாட்டின் நிலநடுக்க வரலாற்றில் ஓர் ஆய்வு

சிந்து ஆற்றின் கீழைக்கிளை முற்காலத்தே கடலொடு கலந்த இடத்தில், இன்று மக்கள் நடமாட்டம் அரிதாகிய உவர்வெளியின் நடுவே, கிழக்கு மேற்காக எண்பது கிலோமீட்டர் அளவுக்கு நீண்டு கிடக்கும் மேடு ஒன்று உண்டு. உயரம் மிகுந்த இடத்தில் ஏறத்தாழ ஆறு மீட்டர். தெற்கே செங்குத்தாகச் சரிந்தும் வடக்கே மெல்லத் தாழ்ந்தும் அது செல்கிறது. 1819ஆம் ஆண்டு சூன் 16ஆம் நாளுக்கு முன் அங்கே மேடு இல்லை, சமவெளியே இருந்தது. அன்று மாலை நிகழ்ந்த நிலநடுக்கத்தில் எழுந்த அம்மேட்டைச் சிந்திரி என்னும் ஊர் மக்கள் கண்டு 'அல்லா பந்த்' என்றனர். இறைவன் கட்டிய கரை என்பது பொருள்.

இப்பெயரைக் கேட்போர் பலரும் இதனை வியப்பிலோ அச்சத்திலோ பிறந்த பெயர் எனக் கொண்டு மேற்செல்வர். நாம் அவ்வாறு கொள்வதற்கில்லை. அடைமொழி இரு வகைப்படும் என்பது நம் இலக்கண நூலார் கொள்கை. செஞ்ஞாயிறு என்புழிச் செம்மை வேறு ஞாயிற்றினின்று பிரித்துக் காட்ட வந்ததன்று. அஃது இனமில்லா அடை. செந்தாமரை என்புழி வெண்தாமரையினின்று பிரித்துக் காட்ட வந்தது. அஃது இனமுள்ள அடை. 'அல்லா பந்த்' என்பதில் வரும் அடை இவற்றுள் எவ்வகையினது? அப்பகுதியில் அதற்கு முன்னரே வேறு கரைகள் இருந்தன. அவை மன்னர் கட்டியவை. அவற்றினின்று வேறுபடுத்தவே புதிய கரைக்கு இறைவன் பெயரை மக்கள் இட்டனர் என்பதை அந்நாளிலேயே எழுதி வைத்துள்ளனர். எனவே இஃது இனமுள்ள அடையே. இந்த ஒரு சொல்லுக்குள் கட்ச் நாட்டின் அரை நூற்றாண்டு வரலாறு அடங்கியுள்ளது. அதனை விரித்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் நிலத்தின் இயல்பைச் சிறிது கூறுதல் வேண்டும். கட்ச், நிலத்தட்டுகளின் எல்லையினின்று பல நூறு கிலோமீட்டர் விலகியுள்ள நாடு. ஆயினும் அதன் அடிநிலம் கிழக்கு மேற்காகச் செல்லும் பழம்பிளவுகள் பலவற்றால் துண்டுபட்டுக் கிடக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நிலம் இழுபட்டு விரிந்தபோது உண்டான பிளவுகள் அவை; இன்று இந்திய நிலத்தட்டு வடக்கு நோக்கி நெருங்குதலால் அதே பிளவுகள் அமுக்கப்பட்டு, ஒரு பக்கம் மற்றொரு பக்கத்தின்மேல் ஏறுகின்றன. நெடுங்காலம் அசைவின்றிக் கிடந்து ஒரு நாள் நெகிழ்தல் இவற்றின் இயல்பு. இப்பிளவுகளுக்கு இடையே தாழ்ந்து கிடப்பதே ரண் எனப்படும் உவர்வெளி. அது நிலமும் அன்று, கடலும் அன்று. கோடையில் உப்புப் படிந்து வெளுத்திருக்கும்; தென்மேற்குப் பருவக்காற்று வீசுங்கால் கடல்நீரும் மழைநீரும் சேர்ந்து அதனை மூடும். சில அடி உயர வேறுபாடே அங்குக் கரையையும் கடலையும் பிரிக்கிறது. ஆதலின் நிலம் சிறிது தாழ்ந்தால் வெள்ளம். சிறிது உயர்ந்தால் வறட்சி. பிற நாடுகளில் நிலநடுக்கம் வேறு, வெள்ளம் வேறு. இங்கு அவ்விரண்டையும் பிரித்தெண்ணுதல் அரிது.

இனி, மன்னர் கட்டிய கரைகளைக் காண்போம். நாரா எனவும் புராண் எனவும் வழங்கிய சிந்துவின் கீழைக்கிளை, கோரிக் கழியின் வழியே லக்பத் நகரை அடுத்துக் கடலிற் கலந்தது. அதன் நீரால் சாய்ரா என்னும் பகுதியில் நெல் விளைந்தது. இன்று கட்சின் வடமேற்கு மூலையைக் காண்பவர் அங்கு நெல் விளைந்தது என்பதை எளிதில் நம்பார். 18ஆம் நூற்றாண்டில் சிந்து நாட்டை ஆண்ட குலாம் ஷா கல்ஹோரா கட்சின்மேற் படையெடுத்தான். 1762இல் ஜாரா என்னுமிடத்தில் பெரும்போர் நிகழ்ந்தது. கட்ச் அடிபணியவில்லை. வாளால் இயலாததை நீரால் முடிக்கக் கருதிய குலாம் ஷா, மோரா என்னும் இடத்தில் ஆற்றின் குறுக்கே கரை எழுப்பி, அதன் நீரைத் தன் நாட்டுக் கால்வாய்களுக்குத் திருப்பினான். அவனுக்குப் பின் ஆண்ட தால்பூர் அமீர்கள் அலி பந்தரில் மற்றொரு கரை எழுப்பினர். சாய்ராவின் நெல்வயல்கள் கரம்பாயின. நன்னீர் வராத கழியில் உவர்நீர் ஏறியது. பகைவன் நாட்டு நீர்நிலையை அழித்தல் பண்டைப் போர்முறைகளுள் ஒன்று என்பதைச் சங்கநூற் பயிற்சியுடையார் அறிவர். இங்கு நிகழ்ந்தது அதனினும் கொடிது. போர் முடிந்த பின்னும் தலைமுறை தலைமுறையாகக் கொல்லும் படைக்கலமாக அக்கரை நின்றது.

ஆக, 1819இல் நிலம் நடுங்குவதற்கு முன்பே அந்நாடு பாதி அழிந்திருந்தது. இதனை மனத்துட்கொண்டே பின்வருவனவற்றைப் படித்தல் வேண்டும்.

நிலநடுக்கம் பற்றிய சான்றுகள் நமக்கு மிகுதியாகக் கிடைத்தமைக்கு அரசியலே காரணம். அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில்தான் ஆங்கிலேயர் புஜ் நகரைக் கைப்பற்றி, இராவ் பார்மல்ஜியை நீக்கி, சிறுவனாகிய தேசல்ஜியை அரியணையில் இருத்தினர். அவர்கள் படையும் அலுவலரும் நாடெங்கும் பரவியிருந்த நேரத்தில், மூன்று திங்களுக்குள் இது நேர்ந்தது. ஆங்கிலேயரின் சார்பாளராக இருந்த ஜேம்சு மக்மர்டோ, தாம் கண்டனவும் பிறர்வழிக் கேட்டனவும் தொகுத்து விரிவாக எழுதினார். பம்பாய் இலக்கியக் கழகத்தின் வெளியீட்டில் அது இடம்பெற்றது. புஜ், அஞ்சார் முதலிய ஊர்கள் இடிந்தன. உயிரிழந்தோர் ஆயிரத்தைந்நூற்றுக்கு மேற்பட்டோர். நெடுந்தொலைவிலுள்ள அகமதாபாத்தின் ஜாமி பள்ளிவாசலில், ஒன்றை அசைத்தால் மற்றொன்றும் அசையும் எனப் பெயர் பெற்றிருந்த தூபிகள் விழுந்தன. மக்மர்டோவின் குறிப்புகளுள் நாம் தலையாயதாகக் கருதுவது வேறொன்று. பாறைமேல் அடித்தளம் கொண்ட வீடுகள் அத்துணை அழியவில்லை என்றும், தாழ்ந்த ஈரநிலத்து வீடுகளே பெரிதும் வீழ்ந்தன என்றும் அவர் கண்டார். நில அதிர்ச்சி நூலார் இன்று கருவிகொண்டு நிறுவும் உண்மையை, கருவி எதுவுமின்றி ஊர் ஊராக நடந்து அவர் எழுதி வைத்தார். ரண் வெளியில் நீரும் மணலும் ஊற்றாகப் பீறிட்டதனையும், வறண்டு கிடந்த ஆற்றுப்படுகைகளில் நீர் ஓடியதனையும் அவர் குறித்துள்ளார். அடுத்த ஆண்டே அவர் மறைந்தார்.

சிந்திரி என்பது சிறு கோட்டை. லக்பத்துக்கு வடக்கே ஆற்றங்கரையில் அமைந்த சுங்கச்சாவடி. நிலம் நடுங்கியபோது ஆற்றின் முகத்துவாரம் வழியே கடல் உட்புகுந்தது. சில நாழிகைக்குள் இரண்டாயிரம் சதுரமைல் அளவுள்ள பரப்பு நீர்க்காடாயிற்று. சிந்திரியில் வீடுகளின் முகடும் மதில்களின் தலையுமே வெளியே தெரிந்தன. கோட்டையின் நான்கு கோபுரங்களுள் ஒன்றின்மேல் ஏறித் தங்கியோர் பின்னர்ப் படகால் மீட்கப்பட்டனர். அவர்கள் வடக்கே நோக்கியபோதுதான், ஐந்தரை மைல் தொலைவில், முந்திய நாள் இல்லாத மேடு ஒன்று நீண்டு கிடப்பதைக் கண்டனர். தெற்கே நிலம் தாழ, வடக்கே உயர்ந்தது. லக்பத்தருகே, நீர் வடிந்த வேளையில் காலால் நடந்து கடக்கத்தக்கதாய் ஓரடி ஆழமே இருந்த கழி, பதினெட்டு அடி ஆழமாயிற்று. ஆற்றுக்குக் குறுக்கே எழுந்த மேடு நன்னீர் வரவை இறுதியாக அடைத்தது. குலாம் ஷா தொடங்கியதை நிலம் முடித்து வைத்தது.

அப்படியே நின்றிருந்தால் வரலாறு எளிதாக இருந்திருக்கும். ஆறு தானும் தன் பங்கைச் செய்தது. 1826இல் சிந்துவில் வந்த பெருவெள்ளம் அமீர்கள் கட்டிய கரைகளை ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டு தெற்கே பாய்ந்து, அல்லா பந்த்தையும் ஊடறுத்துச் சிந்திரி ஏரியிற் கலந்தது. சில திங்கள் அவ்வேரி நன்னீராகவும் இருந்தது. செய்தி கேட்ட அலெக்சாண்டர் பர்ன்சு என்னும் இளம் அலுவலர் 1827இலும் 1828இலும் அங்குச் சென்றார். ஆறு வெட்டிய வாய்க்காலின் இரு கரைகளிலும் தெரிந்த மண்ணையும் சிப்பியையும் ஆராய்ந்து, மேடு மனிதர் கொட்டிய மண்ணன்று, உள்ளிருந்து உயர்ந்த பழநிலமே எனக் கண்டார். இரண்டாம் முறை சென்றபோது படகேறிச் சிந்திரியை அடைந்தார். ஒரு கோபுரம் மட்டும் நீர் நடுவே நின்றது. நீருக்குமேல் இரண்டு மூன்று அடி தெரிந்த மதிலொன்றின்மீது நின்று நோக்கிய அவருக்கு, வடக்கே நீலக்கோடாகத் தெரிந்த அல்லா பந்த் ஒழிய நாற்புறமும் நீரே தென்பட்டது. அவர் எழுதிய ஆய்வுரை, 1834இல் வெளிவந்த அவர்தம் பொகாராப் பயண நூலிலும் சேர்க்கப்பட்டது. மன்னர் கரை கட்டியதையும், நிலம் கரை எழுப்பியதையும், ஆறு இரண்டையும் உடைத்ததையும் பர்ன்சு வரிசையாகவே கூறியுள்ளார் என்பதை நாம் வலியுறுத்த விரும்புகிறோம்.

அவருக்குப் பின்வந்தோர் அவ்வரிசையைக் காக்கவில்லை. சார்லசு லயல் தம் நில இயல் நூலில் சிந்திரிக் கோட்டையின் படத்தையும் பர்ன்சின் செய்தியையும் சேர்த்தார். நிலம் ஒரே நாளில் உயரவும் தாழவும் கூடும் என்பதற்கு அது தலைசிறந்த சான்றாயிற்று. உலகெங்கும் மாணவர் படித்தனர். லயலின் நோக்கம் நிலவியல்; அதற்கு அவர் வேண்டியதை எடுத்துக்கொண்டார்; அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் பாடநூல்வழிப் பரவிய செய்தியில் நிலநடுக்கமே எஞ்சியது. கல்ஹோராவின் கரை நழுவிற்று. கட்சின் வடமேற்கு வறண்டதற்கும் லக்பத் நலிந்ததற்கும் 1819ஆம் ஆண்டே முழுக்காரணம் என்று இன்றும் எழுதுவோர் பலர். சிந்திரி மக்கள் ஓர் அடைமொழியில் காத்த வேறுபாட்டைக் கற்றோர் நூல்களில் இழந்தனர் என்று சொல்லலாம்.

சொற்களைக் கூர்ந்து நோக்காமையால் இடர் வரலாறு பிறழ்வதற்கு இப்பகுதியிலேயே இன்னொரு சான்றும் உண்டு. தாமசு ஓல்டாம் தொகுத்து 1883இல் வெளிவந்த இந்திய நிலநடுக்க அட்டவணையில், 893ஆம் ஆண்டு சிந்து முகத்துவாரத்துத் தேபல் நகர் அழிந்து, ஒன்றரை லட்சத்துக்குக் குறையாத மக்கள் மடிந்ததாக ஒரு குறிப்பு உண்டு. நெடுங்காலம் அதனை உண்மையாகவே கொண்டனர். பின்னர் அரபு மூலங்களை ஆய்ந்தோர், அந்நிலநடுக்கம் நிகழ்ந்தது ஆர்மீனிய நாட்டுத் துவின் நகரத்தில் என்று தெளிவுபடுத்தினர். அரபியர் துவினைத் தபீல் என்றனர். தேபல், தபீல் ஆகிய இரண்டும் அரபு எழுத்தில் அதே நான்கு எழுத்துகளால் ஆனவை. நடுவிலுள்ள இரண்டு இடம் மாறுவதே வேறுபாடு. ஏடு பெயர்த்தெழுதுவோர் கையில் இத்தகைய மாற்றம் நேர்தல் சுவடிப் பதிப்பில் ஈடுபட்டோர்க்குப் புதிதன்று. ஆனால் ஈண்டு இப்பாடவேறுபாடு சிந்து முகத்துவாரத்தின் ஆயிரமாண்டு இடர்க்கணக்கையே மாற்றியது. ஒரு நிலப்பிளவு எத்துணை ஆண்டுக்கு ஒருமுறை நெகிழ்கிறது என்று கணக்கிடுவோர் பழைய நூல்களை நம்பியே தொடங்குகின்றனர். மொழியறிந்தார் இதில் ஒதுங்கி நிற்றல் கூடாது.

கடல்கோள் பற்றி ஆராயும் நம்மவர்க்குச் சிந்திரி மற்றொரு வகையிலும் பயன்படும். நாள் அறியப்பட்டு, கண்டவர் உரைத்து, அளவறியப்பட்ட கடல்கோள் இது. நிலம் தாழ்ந்த ஆழம் சில மீட்டர். மூழ்கிய பரப்போ இரண்டாயிரம் சதுரமைல். தாழ்வான கடலோர நிலத்தில் சிறு அசைவு பெரும்பரப்பை நீருள் ஆழ்த்தும் என்பதற்கு இது சான்று. ஒரு பெருங்கண்டம் ஒரு நாளில் ஆழ்ந்தது என்பாருக்கு இதிலிருந்து துணை கிடையாது.

1819க்குப் பின் அந்நிலம் ஓய்ந்ததா என்றால், இல்லை. 1956 சூலை 21இல் அஞ்சாரில் நிலம் நடுங்கி 115 பேர் இறந்தனர். 2001 சனவரி 26 குடியரசு நாள் காலையில் பச்சாவ் அருகே மற்றொரு பிளவு நெகிழ்ந்தது. அளவு 7.7. அரசு கணக்கின்படியே பதின்மூவாயிரத்து எண்ணூற்றுக்கு மேற்பட்டோரும், பிறர் மதிப்பீட்டில் இருபதாயிரம் பேரும் மடிந்தனர். அஞ்சாரின் குறுகிய தெருவில் கொடியேந்தி ஊர்வலம் சென்ற பள்ளிக் குழந்தைகள்மேல் இரு மருங்கிலும் இருந்த வீடுகள் விழுந்தன. 1819, 1956, 2001 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அஞ்சார் இடிந்தது. மூன்று முறையும் வீழ்ந்தவற்றுள் பெரும்பாலன மண்சாந்தில் கல்லடுக்கிய சுவர்கள். அதே வேளையில், வடபகுதியான பன்னியில் மேய்ச்சல் மக்கள் வாழும் பூங்கா எனப்படும் வட்டவடிவ மண்குடில்கள் பெரிதும் நிலைத்தன. மூலையற்ற சுவரில் அதிர்ச்சி ஓரிடத்தே குவிவதில்லை. புல்வேய்ந்த கூரை விழுந்தாலும் கொல்வதில்லை. செல்வம் பெருகியபோது கட்சியர் வட்டத்தை விட்டுச் சதுரத்துக்கும் புல்லை விட்டுக் கல்லுக்கும் மாறினர். அதற்காக அவரைப் பழித்தல் தகாது. கல்வீடு கட்ட விரும்பாதார் யார்?

1819இல் மேடு எழுந்தது. 2001இல் அத்தகைய மேடு எதுவும் எழவில்லை, பிளவு மேற்பரப்பை எட்டவில்லை. ஆயினும் நீர் தன் அடையாளத்தைக் காட்டியது. மக்மர்டோ எழுதியவாறே ரண் வெளியில் மணலும் நீரும் பீறிட்டன; வறண்ட பழம்படுகைகளில் ஈரம் தோன்றியதை வான்வழிப் படங்கள் காட்டின. பண்டைச் சரசுவதி மீண்டாள் என்று மகிழ்ந்தோரும் இருந்தனர். நீர் கண்டால் மகிழ்வது அந்நாட்டின் இயல்பு. புஜ் நகரின் ஹமீர்சர் ஏரி நிரம்பி வழியும் நாளை விடுமுறையாக்கிக் கொண்டாடும் ஊர் அது. வெள்ளத்தை இடராகக் கருதுமாறு அம்மக்களிடம் கூறுதல் எளிதன்று.

இங்குதான் மன்னர் கரையின் வரலாறு மீண்டும் முன்னிற்கிறது. விடுதலைக்குப் பின் கட்சின் சிற்றாறுகளின் குறுக்கே மண்ணணைகள் பல கட்டப்பட்டன. நீர்ப்பசி மிக்க நாட்டுக்கு அவை இன்றியமையாதன. கல்ஹோராவின் கரைபோல் பகைமையிற் பிறந்தவை அல்ல. ஆயினும் ஆற்றுப்படுகையின் நெகிழ்ந்த மணல்மேல் அமர்ந்தவை. 2001 அதிர்ச்சியில் அம்மணல் நீர்போற் குழைந்தது. சாங், தாபர், சுவி, சிவலாகா, ருத்ரமாதா முதலிய அணைகளின் உடல் பிளந்தும் சரிந்தும் போயிற்று. ஊர் எதுவும் அடித்துச் செல்லப்படவில்லை. அதற்கு அணையின் வலிமை காரணமன்று. வறட்சிக் காலமாதலால் நீர்த்தேக்கங்களில் நீர் மிகக் குறைந்திருந்தது. அணையடி மணலிலேயே ஈரம் இருந்தது. அதுவே இத்துணைக் கேடு விளைத்தது. கட்சியர் ஆண்டுதோறும் நொந்துகொள்ளும் வறட்சி அன்று அவரைக் காத்தது.

அணைகள் பின்னர்ப் பழுது நீக்கி வலுப்படுத்தப்பட்டன. பேரிடர் மேலாண்மைக்கெனக் குசராத்து அரசு 2001இலேயே ஓர் ஆணையம் நிறுவி, 2003இல் சட்டமும் இயற்றியது. வீடு கட்டும் விதிகள் கடுமையாயின. புதிய புஜ்ஜில் அகன்ற தெருக்கள் வந்தன. இவற்றைப் பற்றி எழுதியோர் பலர். நாம் மீண்டும் விரிக்க வேண்டுவதில்லை. குறைவாகவே எழுதப்பட்டது ஒன்றுண்டு. நருமதையின் நீர் கால்வாய்வழிக் கட்சுக்கு வந்துசேர்ந்தது. 2017 மே திங்களில் அந்நீரை இயந்திரங்களால் மேலேற்றித் தாபர் நீர்த்தேக்கத்தில் நிரப்பும் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. குலாம் ஷா தடுத்த நன்னீர் இரண்டரை நூற்றாண்டுக்குப் பின் வேறோர் ஆற்றிலிருந்து வந்தது என்று கட்சியர் மகிழ்ந்தால் அது முறையே. தாபர் நிற்பது அஞ்சாரின் அருகே. 2001 சனவரியில் பிளந்த அணை அது. பருவமழையை மட்டும் நம்பியிருந்த காலத்தில் சனவரியில் அது வற்றியிருத்தல் இயல்பு. இப்பொழுது எத்திங்களிலும் அதில் நீர் நிற்றல் கூடும்.